அம்மாவுக்கு ஆகாதவை

அம்மாவுக்கு விரல் முட்டிகள் வீங்கத் தொடங்கிய வருஷம், நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெரிய அத்தை கிழங்கை மொத்தமாக நிறுத்தச் சொன்னார். உருளை, சேனை, கருணை எல்லாமே வாயு. எதிர்வீட்டுப் பாட்டி வாழைக்காய், மொச்சை, பட்டாணி மூன்றையும் அதோடு சேர்த்தார். நாட்டு மருந்து கொடுத்தவர் கத்தரிக்காயும் கருவாடும் வேண்டாம் என்றார். அகத்திக்கீரை மருந்தை முறித்துவிடும் என்றார். தயிர் குளிர்ச்சி. புளி நரம்பைத் தளர்த்தும். தக்காளி மூட்டில் போய்ப் படியும். மத்தி மீன் சூடு.

சொன்னவர்கள் எல்லோரும் அம்மாமேல் உயிரையே வைத்திருந்தவர்கள். பஸ் மாறி வந்து, அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்கலங்கிச் சொன்னார்கள். ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்புதான் அது. அம்மா ஒருவர் பேச்சையும் தட்டவில்லை. ஆறேழு மாதத்தில் அவள் தட்டில் மிஞ்சியது சோறு, மிளகு ரசம், பீர்க்கங்காய், புடலங்காய், இட்லி.

காலையில்தான் அந்த நோய் தன் முழு பலத்தையும் காட்டும். எழுந்ததும் அம்மாவால் கையை மூட முடியாது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் முட்டி சிவந்து பளபளக்கும், தொட்டால் சுடும். நகத்தை ஒட்டிய கடைசிக் கணுக்கள் மட்டும் பழையபடி மெலிந்து அழகாக இருந்தன. ருமட்டாய்டு என்கிற முடக்குவாதம் பெரும்பாலும் அந்தக் கணுக்களை விட்டுவிடும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக் குடிப்பாள். குழாயைத் திருக முடியாது, துணி பிழிய முடியாது, புடவைக்கு ஊக்குப் போட முடியாது. பத்து மணிக்குமேல் கை மெல்ல இளகும். வாசல் கோலம் என் பொறுப்புக்கு வந்தது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து புள்ளி எண்ணிச் சொல்வாள்.

கிருமியை எதிர்க்க வேண்டிய சக்தி, மூட்டின் உட்புறச் சவ்வைத் தாக்கத் தொடங்குவதுதான் இந்த நோய். அதற்கு ஒரு குணம் உண்டு. ஒரே நிலையில் நிற்காது. சில வாரம் கொதிக்கும், பிறகு தானாகவே கொஞ்சம் தணியும், மறுபடி ஏறும். எதையாவது நிறுத்திப் பார்ப்போம் என்ற எண்ணம் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் யாருக்கும் வரும். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் வரத்தான் செய்யும். அப்போது எதை நிறுத்தியிருந்தோமோ அதன்மேல் பழி விழும். எங்கள் வீட்டில் கத்தரிக்காய் அப்படித்தான் குற்றவாளியானது. அதை நிறுத்திய பிறகும் வலி திரும்பி வந்தபோது கத்தரியை யாரும் விடுவிக்கவில்லை; அடுத்ததாகத் தக்காளியைப் பிடித்தார்கள். பட்டியல் நீண்டுகொண்டே போனதே தவிர, ஒரு பெயர்கூட அதிலிருந்து அடிபடவில்லை.

சென்னையில் மூட்டு நோய்க்கென்றே படித்த டாக்டர் ஒருவரிடம் அம்மாவை அழைத்துப் போனேன். கை, மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் அழுத்திப் பார்த்துவிட்டு, "என்னம்மா சாப்பிடறீங்க?" என்றார். அம்மா தான் சாப்பிடாததையெல்லாம் ஒப்பித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "நான் கேட்டது சாப்பிடறதை" என்றார். அம்மாவுக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். எகிறிக் கிடந்தது, ரத்தம் குறைந்திருந்தது. நாள்பட்ட அழற்சியே ரத்தத்தைக் குறைக்கும். அதோடு மீன், பருப்பு, கீரை, தயிர் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும்? அம்மாவின் மேல்கையைத் தொட்டுக் காட்டி, இந்தச் சதை கரைந்தது நோயால் பாதி, பத்தியத்தால் பாதி என்றார் டாக்டர். நோயாளியின் தட்டிலிருந்து ஒன்றை எடுப்பது சும்மா செய்யக்கூடிய காரியமில்லை என்பது அன்றைக்கு எனக்குள் பதிந்தது. மாத்திரையை நிறுத்துவதற்கு எவ்வளவு யோசிக்கிறோமோ அவ்வளவு யோசிக்க வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்தார். வாரத்தில் ஒருநாள் மட்டும். தினம் போட்டால் உயிருக்கே ஆபத்து. வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட். அம்மா வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்துக் காலண்டரில் சுழித்து வைத்தாள். வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும் மருந்து அது, எடுத்தது, செய்தது.

சாப்பாட்டு விஷயத்தை அவர் சிரித்துத் தள்ளிவிடவில்லை. அதனால்தான் அவர்மேல் எனக்கு இன்றுவரை மரியாதை. "எல்லாத்தையும் மறுபடி சாப்பிடுங்க. ஏதாவது ஒண்ணு மேல நிஜமாவே சந்தேகம் இருந்தா, அதை மட்டும் மூணு வாரம் சுத்தமா நிறுத்துங்க. அப்புறம் சேர்த்துட்டு ரெண்டு நாள் கவனிங்க. ஏறினா, மறுபடி நிறுத்தி மறுபடி சேருங்க. ரெண்டாவது தடவையும் ஏறினா நம்புவோம்" என்றார். அம்மாவால் பேனா பிடிக்க முடியாததால் நோட்டை நான் எழுதினேன். காலையில் கை மூட எவ்வளவு நேரம் ஆயிற்று, ஊக்குப் போட முடிந்ததா, எந்த முட்டி சூடு: இவ்வளவுதான் எழுத வேண்டியது.

பல வருஷம் கழித்து, நார்வேயில் க்யெல்ட்சன்-க்ராக் என்பவர் தன் குழுவோடு செய்து 1991இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அந்த நோட்டு ஞாபகம் வந்தது. முடக்குவாத நோயாளிகளில் ஒரு பகுதியினர் ஒரு வாரத்துக்குக் கூடுதலாகக் கடும் விரதம் இருந்தார்கள். காய்ச்சாறும் காய்கறி வேகவைத்த தண்ணீரும் போன்ற ஆகாரம்தான். பிறகு இரண்டு நாளுக்கு ஒரு உணவு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். எதைச் சேர்த்ததும் மூட்டு ஏறுகிறதோ அதை நிறுத்தி, சில நாள் கழித்து மறுபடி கொடுத்துப் பார்த்து, இரண்டாம் தடவையும் ஏறினால் மட்டும் விலக்கினார்கள். ஒரு வருஷம் கழித்தும் அந்தக் குழுவில் பலருக்குக் குணம் நிலைத்திருந்தது. ஆக, உணவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் ரிச்சர்ட் பானுஷ் என்ற மருத்துவர் 1986இல் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார். பால் குடித்தால் மூட்டு வீங்குகிறது என்று அவர் சொன்னதை, பாலைப் பொடியாக்கி, எதில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாதபடி கேப்சூலில் அடைத்துக் கொடுத்துச் சோதித்தார்கள். பால் உள்ள கேப்சூலுக்கு மூட்டு வீங்கியது. அந்தப் பெண்மணி சொன்னது உண்மை. ஆனால் அப்படிச் சோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு, தாங்கள் சந்தேகப்பட்ட உணவு எதுவுமே செய்யவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தேதான் மனதில் வைக்க வேண்டும்.

அம்மாவின் நோட்டில் தக்காளி வந்தது, போனது. கை மூடும் நேரம் மாறவில்லை. கத்தரிக்காயும் அப்படியே. கத்தரி, தக்காளி, உருளையைப் பழிப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. நார்மன் சைல்டர்ஸ் என்ற அமெரிக்கத் தோட்டக்கலைப் பேராசிரியர் அந்தக் குடும்பச் செடிகளே மூட்டுவலிக்குக் காரணம் என்று 1970களில் புத்தகமே எழுதினார். மிளகாயும் அதே குடும்பம்தான். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர்கூட மிளகாயை நிறுத்தச் சொல்லவில்லை. அதை நிறுத்தினால் சமையல் ஏது? புளியும் தயிரும் சோதனையில் தேறின. மறுபடி புளிக்குழம்பு வைத்த அன்று அம்மா இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கினாள். எத்தனையோ மாதமாக அவள் அப்படிக் கேட்டதில்லை.

சென்னாங்குனி மட்டும் தேறவில்லை. அந்தப் பொடி இறால் காய்ந்ததை வறுத்துத் துவையல் அரைப்பது அம்மாவுக்குப் பிடித்த காரியம். சாப்பிட்ட மறுநாள் வலது முட்டி ஏறியது. நிறுத்தினோம், மறுபடி சேர்த்தோம், மறுபடி ஏறியது. பெரிய இறாலுக்கும் அப்படியே. பானுஷ் பிறகு சோதித்தவர்களில் இறால் ஒத்துக்கொள்ளாத நோயாளி ஒருவர் உண்டு என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அம்மா தன் ஆயுள் முழுக்க இறாலைத் தொடவில்லை. அதற்காக முடக்குவாதம் உள்ள வேறு யாரிடமும் இறாலை நிறுத்துங்கள் என்று நான் சொன்னதும் இல்லை. அது அம்மாவின் உடம்பு.

மத்தியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கூடைக்காரம்மா வாசலில் கொண்டுவந்து இறக்குகிற, மீன்களிலேயே மலிவான அந்த மீனையும் தடைசெய்திருந்தார்கள். முடக்குவாதத்தில் ஏதாவது பலன் தருவதாகத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்க்கப்பட்ட வெகுசில உணவுச் சத்துகளில் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 ஒன்று. சோதனைகளில் கொடுத்த அளவு நாளுக்குச் சில கிராம்; ஒரு கிண்ணம் குழம்பில் அவ்வளவு வராது, மருந்துக்கு மாற்றும் ஆகாது. ஆனாலும் மத்தி தின்னும் ஊரில் பிறந்த ஒருத்திக்கு மத்தியை மறுத்தது பெரிய அநியாயம் என்றே எனக்கு இப்போதும் படுகிறது.

சத்து என்று பேர் வாங்கிய ஒன்று கெடுதல் செய்வதும் உண்டு. என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சருக்கு லூபஸ்; அதுவும் உடம்பு தன்னைத் தானே தாக்கும் நோய்தான். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் அல்ஃபால்ஃபா மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்று. அல்ஃபால்ஃபா வேறொன்றுமில்லை, மாட்டுக்குப் போடும் குதிரைமசால். கொலஸ்ட்ரால் குறையுமா என்று பார்ப்பதற்காக அமெரிக்காவில் ஒருவர் அதன் விதைகளை மாதக்கணக்கில் சாப்பிட்டபோது அவருக்கு ரத்த அணுக்கள் சரிந்து லூபஸில் காணும் எதிர்ப்பொருள் தோன்றியது. 1982இல் மாலினோ, பர்டானா என்ற ஆய்வாளர்கள் குரங்குகளுக்கு அதன் முளையைக் கொடுத்தபோது அவற்றுக்கும் லூபஸ் போன்ற நோய் வந்தது. அதில் உள்ள கனவானின் என்ற அமினோ அமிலம்தான் காரணம் என்று கண்டார்கள். லூபஸ் நோயாளிகளுக்கு அல்ஃபால்ஃபா வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். டீச்சரின் டாக்டர் அந்த டப்பாவைப் பார்த்ததுமே வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒரு உணவை முற்றாக, ஒரு துணுக்குகூட இல்லாமல் விலக்கியே ஆக வேண்டிய நோயை நான் பார்த்தது தங்கை மகளிடம். தங்கைக்கு டில்லியில் வாழ்க்கை. குழந்தைக்குக் காலையில் பிரெட், பள்ளிக்கூடத்துக்குப் பூரி, ராத்திரி சப்பாத்தி. வயிறு உப்பிக் கை கால் குச்சியாக, உயரம் ஏறாமல், இரும்புச் சத்து டானிக் எவ்வளவு கொடுத்தாலும் ரத்தம் ஏறாமல் இருந்தது குழந்தை. கோடை லீவுக்கு எங்களிடம் வந்தால் வயிறு அடங்கும், முகம் தெளியும், பசியெடுத்துச் சாப்பிடும். ஊர்த் தண்ணீர் என்று அப்பா சொல்வார். கடல் காற்று என்று அத்தை சொல்வார். இடியாப்ப உரலை அம்மாவால் அழுத்த முடியாது. மாவுப் பதத்தை அவள் விரலால் பார்த்துச் சொல்ல, நான் பிழிவேன். குழந்தை பாட்டியின் மடியில் உட்கார்ந்து தேங்காய்ப்பாலோடு அள்ளித் தின்னும்.

டில்லி டாக்டர் ஒருவர்தான் சீலியாக் என்று சந்தேகப்பட்டு ரத்தத்தில் டிடிஜி எதிர்ப்பொருளைப் பார்க்கச் சொன்னார். அளவு மிக அதிகம். எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உணவை உறிஞ்சும் சின்னச் சின்ன விரல்கள் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தன. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம்தான் தூண்டுகோல். பிறவியிலேயே அதற்கு ஏற்ற மரபணு இருப்பவர்களில் சிலருக்கு உடம்பு அந்தப் புரதத்தை எதிர்க்கப் புறப்பட்டுத் தன் குடலையே தின்றுவிடுகிறது. தன்னைத் தானே தாக்கும் நோய்களில், காரணமான உணவு இன்னதென்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

அது தெரிந்த கதையைப் படித்தபோது எங்கள் வீட்டுக் கடல் காற்றுதான் நினைவுக்கு வந்தது. 1924இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் இந்த நோயுள்ள குழந்தைகளுக்கு வாழைப்பழத்தையே பிரதான உணவாகக் கொடுத்தார். குழந்தைகள் தேறின. வாழைப்பழம் குணப்படுத்துகிறது என்று பல வருஷங்கள் உலகம் நம்பியது. அந்த உணவு முறையில் ரொட்டிக்கு இடமில்லை என்பதுதான் உண்மையில் வேலை செய்தது. குணமாகிவிட்டது என்று நம்பி ரொட்டிக்குத் திரும்பிய குழந்தைகளுக்கு நோயும் திரும்பியது. ஹாலந்தில் வில்லெம் டிக்கே என்ற மருத்துவருக்குக் கோதுமைமேல் முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்கீழ் அந்த நாட்டில் கொடிய பஞ்சம். ரொட்டியே கண்ணில் படவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் மோசமாகாமல் இருந்தன. ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950இல் அவர் தன் ஆய்வேட்டில் கோதுமையை நிறுத்தி, சேர்த்து, மறுபடி நிறுத்திப் பார்த்த விவரங்களை எழுதினார். சென்னை டாக்டர் அம்மாவுக்குச் சொன்ன வழியும் அதேதான்.

தங்கை சப்பாத்தியை நிறுத்தினாள். ரவை, சேமியா, மைதா, பிஸ்கட் எல்லாம் வீட்டை விட்டுப் போயின. சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வார்க்காமல் குழந்தைக்குத் தனிக் கல் வாங்கினாள். எதிர்ப்பொருள் அளவு பாதியாக இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. உணவு ஆலோசகர் அம்மையார் சமையலறைச் சாமான் முழுவதையும் எழுதி வரச் சொன்னார். பட்டியலில் பெருங்காயத்தைப் பார்த்ததும் டப்பாவைக் கொண்டு வாருங்கள் என்றார். சின்ன மஞ்சள் டப்பா. அதன் முதுகில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், கோந்துக்குப் பக்கத்தில், கோதுமை மாவு என்று இருந்தது. சுத்தமான பெருங்காயப் பிசினின் நெடி தாங்காது, அதனால் மாவும் கோந்தும் கலந்துதான் விற்கிறார்கள். நம் கடைகளில் கிடைக்கும் கட்டியும் பொடியும் பெரும்பாலும் அந்தக் கலவைதான். சாம்பாரில் ஒரு சிட்டிகை, ரசத்தில் ஒரு சிட்டிகை, மோரில் ஒரு சிட்டிகை. நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தொடர்ந்து போனாலே குடலுறிஞ்சிகள் சேதமாகும் என்று இத்தாலியில் கத்தாஸி குழுவினர் 2007இல் காட்டியிருக்கிறார்கள். ஒரு துண்டு பிரெட்டில் உள்ளதில் சிறு பங்குதான் இந்த அளவு. அரிசி மாவு கலந்த பெருங்காயத்துக்கு மாறிய பிறகு எதிர்ப்பொருள் மேலும் இறங்கியது. அடுத்த வருஷ லீவுக்கு வந்தபோது அவள் பாவாடையெல்லாம் கணுக்காலுக்குமேல் நின்றது. அத்தை அவளைச் சுவரோரம் நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டார்.

இந்த நோய் தமிழ்நாட்டில் அபூர்வம். வேலூர் பக்கத்திலும் வடக்கிலும் வடகிழக்கிலும் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குமேல், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவருக்கு இருந்தது. மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபட்டது கோதுமை: வடக்கே ஒருவர் நாளுக்கு 455 கிராம் அளவில் சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். சர்க்கரை நோயாளிக்கெல்லாம் ராத்திரிச் சப்பாத்தி, தெருவுக்குத் தெரு பரோட்டா என்று நம் தட்டு மாறிவருவதைப் பார்க்கும்போது, நம் குழந்தைகளின் உப்பிய வயிற்றையும் ஏறாத ரத்தத்தையும் பார்க்கிற டாக்டர்கள் அந்த ஒரு பரிசோதனையை மறக்கக் கூடாதே என்று தோன்றுகிறது.

அம்மாவையும் குழந்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. யாராவது எனக்கு இன்ன நோய், இன்னதை நிறுத்தட்டுமா என்று கேட்டால் முதலில் நோயின் பெயரைக் கேட்கிறேன். சீலியாக் என்றால் ஒரு துணுக்குக்கும் இடமில்லை, சாகும்வரை. முடக்குவாதம் என்றால் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக, நோட்டுப் போட்டு.

போன மாதம் திருச்சியிலிருந்து மாமா மகள் போன் செய்தாள். தைராய்டில் தன்னெதிர்ப்பு அழற்சி என்று சொல்லியிருக்கிறார்கள். "கோதுமையை இன்னியோட விட்டுடலாம்னு இருக்கேன் அத்தாச்சி, எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றாள். இப்போதே விடாதே என்றேன். தைராய்டு அழற்சி உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குச் சீலியாக்கும் சேர்ந்திருக்கும். அதைப் பார்க்க டிடிஜி பரிசோதனை வேண்டும். கோதுமையை நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் இறங்கிவிடும், குடல் ஆறத் தொடங்கிவிடும், இருக்கிறதா இல்லையா என்று பிறகு சொல்ல முடியாது. மறுபடி வாரக்கணக்கில் கோதுமை தின்றுவிட்டுத்தான் சோதிக்க வேண்டியிருக்கும். இல்லை என்று வந்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிடலாம், தைராய்டு மாத்திரையை மட்டும் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டால் போதும். இருக்கிறது என்று வந்தால் பெருங்காய டப்பாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள் கேட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.